நாலு கோடு போட்ட புத்தகத்துக்கு இத்தனை ஆட்டமா?

நேற்று ராத்திரி ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து ஒரு பழைய ஒர்க்புக்கை ரப்பர் வைத்து அழித்தேன். யாரோ ஒரு பிள்ளை பென்சிலில் எழுதி முடித்த பதில்கள். கட்டைவிரல் காந்துகிறது, மேசை பூரா ரப்பர் தூள். என்னை இந்த நிலைமைக்குக் கொண்டுவந்து விட்ட, வீட்டில் படிக்கிற பிள்ளைகளுக்கு எழுத்துப் பயிற்சிப் புத்தகம் விற்கிற கம்பெனிக்காரர்களைப் பற்றி இன்று கத்தித் தீர்க்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

மகளை வீட்டிலேயே படிக்க வைக்கிறோம். கணக்கும் அறிவியலும் எப்படியோ ஓடிவிடுகின்றன. கணக்கில் விடை தப்பா சரியா என்று கடைசிப் பக்கத்தைப் புரட்டினால் தெரிந்துவிடும். எழுத்துக்கு அப்படி ஒரு கடைசிப் பக்கம் கிடையாது. பிள்ளை எழுதின பத்து வரி இந்த வயசுக்குப் போதுமா, நாம் ஏதாவது கெடுத்துக்கொண்டிருக்கிறோமா என்று யாரும் சொல்ல மாட்டார்கள். இந்தப் பயத்தை வைத்துத்தான் இவர்கள் கடையே நடத்துகிறார்கள்.

அட்டையில் ‘எல்லாக் குடும்பங்களுக்கும் ஏற்ற விலை’ என்று போட்டிருக்கும். நம்பி மாணவர் ஒர்க்புக்கை வாங்கினேன். முதல் பாடத்திலேயே ‘ஆசிரியர் கையேட்டைப் பார்க்கவும்’. கையேடு தனி விலை. சரி, தொலையட்டும் என்று அதையும் வாங்கினால், ‘காணொளியைப் பார்த்த பிறகு தொடரவும்’. காணொளிக்குச் சந்தா. பாடத்தில் வருகிற கதைப் புத்தகங்கள் தனி. ஷிப்பிங் தனி. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று சும்மாவா சொன்னார்கள்!

இதில் ஒர்க்புக் இருக்கிறதே, அது ஒரு பிள்ளையோடு சரி. கையேடு பத்து வருஷம் அலமாரியில் இருக்கும், ஆனால் அடுத்த பிள்ளைக்கு ஒர்க்புக் மட்டும் புதுசாக வாங்க வேண்டும். வீட்டில் இருக்கிற தம்பிக்குக்கூட நகல் எடுக்கக் கூடாது என்று உள்பக்கத்தில் பொடி எழுத்தில் எச்சரிக்கை. மலிவாக பிடிஎஃப் வாங்கலாமே என்பீர்கள். வாங்கினேன். பக்கத்துக்குப் பக்கம் நாலு ஓரத்திலும் கலர் கலராக பலூன், வானவில், ஆந்தை. பிள்ளை எழுத வேண்டிய இடம் நாலே நாலு கோடு. என் பிரிண்டர் மையைக் குடித்தது அந்த ஆந்தைதான்.

லெவல் கதையைக் கேளுங்கள். வாங்குவதற்கு முன்னால், பிள்ளை எந்த லெவல் புத்தகத்தில் தொடங்க வேண்டும் என்று பார்க்க இலவசமாக பிளேஸ்மென்ட் டெஸ்ட் வைப்பார்கள். ஒரே வாரத்தில் இரண்டு கம்பெனி டெஸ்டை எழுத வைத்தேன். ஒருவர் கணக்கில் என் மகள் மூன்றாம் லெவல், இன்னொருவர் கணக்கில் முதல் லெவல். அதே பிள்ளை, அதே பென்சில்.

உள்ளே இருக்கிற சரக்காவது உருப்படியா? ஒரு பாடத்தில் பர்கர் படம். மேல் பன் தலைப்பு வாக்கியம், நடுவில் இருப்பதெல்லாம் விவரம், கீழ் பன் முடிவு வாக்கியம். அதற்குக் கலர் அடிப்பதிலேயே அன்றைய நாள் போயிற்று. அன்று காலையில்தான் எறும்புக் கூட்டம் ஒன்று செத்த குளவியை இழுத்துக்கொண்டு போனதை என் மகள் எனக்கு இருபது நிமிஷம் விடாமல் சொன்னாள். ஒரு எறும்பு மட்டும் எதிர்ப்பக்கமாக இழுத்ததாம், மற்றதெல்லாம் அதையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனதாம். அதையே பர்கருக்குள் எழுதச் சொன்னேன். வந்தது இவ்வளவுதான்: ‘எறும்பு சுறுசுறுப்பானது. எறும்பு நமக்கு உதவும். ஆகவே எறும்பு நல்லது.’ குளவி எங்கே போயிற்று? கீழ் பன்னில் இடம் இல்லையாம்.

வயிறு எரிவதற்குக் காரணம், இவர்கள் விற்கிற வித்தை எதுவும் இவர்களுடையதே இல்லை. நல்ல பத்தியைப் பார்த்து எழுதுவது, சொல்லச் சொல்ல எழுதுவது, ஒருமுறை வாசித்ததைத் தன் வாயால் திருப்பிச் சொல்வது. இங்கிலாந்துக் கல்வியாளர் சார்லட் மேசன் இறந்தது 1923இல். சின்னப் பிள்ளை முதலில் வாயால் சொல்லட்டும், தாளில் எழுதுவது பிறகு என்று அந்த அம்மா நடத்திக் காட்டி நூறு வருஷம் தாண்டிவிட்டது. பிற்பாடு அமெரிக்காவில் எழுத்தாளர், விஞ்ஞானி என்று பேர் வாங்கிய பெஞ்சமின் பிராங்க்ளின் சிறுவயதில் ஒரு பத்திரிகையின் கட்டுரைகளை எடுத்து, வாக்கியத்துக்கு ஒரு குறிப்பு எழுதி, சில நாள் தள்ளி வைத்து, குறிப்பை மட்டும் பார்த்துத் தானே கட்டுரையை எழுதி, மூலத்தோடு ஒப்பிட்டுத் தப்பைத் திருத்திக்கொண்டார். அவர் எந்த பிளேஸ்மென்ட் டெஸ்டும் எழுதவில்லை. ‘செவ்வியல் முறை’ என்று தங்க எழுத்து போட்டு விற்கிற செட் ஒன்று பார்த்தேன். நாலாம் நூற்றாண்டில் அஃப்தோனியஸ் என்கிற கிரேக்க ஆசிரியர் வரிசைப்படுத்திய 14 பயிற்சிகள்தான் அது. நீதிக்கதையைத் திருப்பிச் சொல்வதில் தொடங்கும். காப்புரிமை யாருக்கு, ஆந்தைக்கா?

மூன்று பிள்ளைகளை மூன்று வகுப்பில் வைத்துக்கொண்டு அல்லாடுகிற அம்மாவுக்கு, இன்றைக்கு இந்தப் பக்கம் என்று அச்சடித்துக் கொடுத்த திட்டம் பெரிய உபகாரம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் மூன்று ஒர்க்புக் வாங்கி முழி பிதுங்குவதும் அவர்தானே.

இப்போது ஒரு கோடு போட்ட நோட்டு, ஒரு பென்சில். தினமும் பத்து நிமிஷம் நான் சொல்ல அவள் எழுதுகிறாள். ‘மழை’ மூன்று நாள் ‘மளை’யாகவே பெய்தது. நாலாம் நாள் அவளே அழித்துத் திருத்தினாள். எறும்பையும் சொல்லச் சொல்லி, அவள் வாயில் வந்ததை நான் அப்படியே எழுதிக்கொடுத்து, அதைப் பார்த்து எழுத வைத்தேன். குளவி திரும்பி வந்துவிட்டது.

அப்புறம் எதற்கடி பழைய ஒர்க்புக்கை வாங்கி ராத்திரி உட்கார்ந்து அழித்தாய் என்று என் வீட்டுக்காரரே கேட்டார். பயம்தான். விட்டுப்போச்சு, ஏதோ விட்டுப்போச்சு என்று உள்ளே ஒரு குரல். யாரோ விற்கிறேன் என்றதும் கை தானாக வாங்கிவிட்டது.

அழித்துக்கொண்டே போனேனா, 63ஆம் பக்கத்தில் கேள்வி: ‘உனக்குப் பிடிக்காத ஒரு பொருளைப் பற்றி எழுது. மூன்று காரணம் கூறு.’ முகம் தெரியாத அந்தப் பிள்ளை நாலு கோட்டையும் மறைத்து, கொட்டை எழுத்தில் ஒரே பதில் எழுதியிருந்தது: ‘இந்தப் புத்தகம்.’

காலையில் என் மகள் அதைப் படித்துவிட்டு, “அம்மா, இதை மட்டும் அழிக்காதே” என்றாள். பென்சிலை எடுத்துக்கொண்டு போய் அதன் கீழே மூன்று காரணத்தையும் எழுதிக்கொண்டிருக்கிறாள். இடம் போதாமல் ஆந்தை மேலேயும் எழுதுகிறாள்.