சிவக்கக் காய்ச்சி தண்ணீரில் முக்கினால் போதுமா?

"எந்த இரும்பானாலும் சிவக்கக் காய்ச்சி தண்ணீரில் முக்கு, எறிகத்தி ரெடி" என்று சிலர் சொல்வது தப்பு, ஆபத்தும்கூட. வெல்டிங் கடையில் கிடைக்கும் எம்எஸ் (மைல்ட் ஸ்டீல், சாதாரண மென் இரும்பு) பட்டையில் கார்பன் 0.2 சதவீதம் அளவுக்குத்தான் இருக்கும், அதை எத்தனை தடவை முக்கினாலும் கத்திக்கு வேண்டிய கடினம் வராது. லாரி ஸ்பிரிங் பட்டையில் சுமார் 0.6 சதவீதம், இது கடினமாகும், ஆனால் தண்ணீரில் முக்கினால் விரிசல் விடலாம், அதனால் காந்தம் ஒட்டாத சூட்டையும் தாண்டி 830 டிகிரி செல்சியஸ் வாக்கில் காய்ச்சி, வெதுவெதுப்பான எண்ணெயில்தான் இறக்க வேண்டும். அப்புறம் டெம்பர், அதாவது கடினமான கத்தியை மறுபடி குறைந்த சூட்டில் காய்ச்சி, நொறுங்கும் தன்மையைக் குறைப்பது. அதை விட்டுவிட்டால் கத்தி மரத்தில் மோதியதும் கண்ணாடி மாதிரி உடைந்து துண்டு முகத்துக்கே வரலாம். சமையல் கத்திக்கு 200 டிகிரி சரி, எறிகத்திக்கு 400 பக்கம் வேண்டும், வீட்டு ஓவன் அதற்குப் பத்தாது. உண்மையில் ஸ்பிரிங் பட்டை டெம்பர் செய்தே வருகிறது, விரிசல் இல்லாத பட்டையாகப் பார்த்து, சூடேறாமல் அடிக்கடி தண்ணீரில் நனைத்து கிரைண்டரில் தேய்த்தாலே போதும்.