பாசிட்டிவ் வந்தால் பணம் போய்விடும் என்றால் யார் உண்மையைச் சொல்வார்கள்?

சொகுசுக் கப்பலில் ஏறுவதற்கு முன் கோவிட் பரிசோதனை வேண்டுமா வேண்டாமா என்று ஒரு காலத்தில் பெரிய சண்டை நடந்தது. நான் கேட்பது வேறு. "எனக்கு உடம்பு சரியில்லை, நான் வரவில்லை" என்று கடைசி நிமிடத்தில் சொல்கிறவருக்குக் கட்டிய பணம் திரும்பக் கிடைக்குமா? அதற்குப் பதில் இல்லாமல் விதியை எத்தனை முறை மாற்றினாலும் பிரயோஜனம் இல்லை.

2022 பிப்ரவரியில் குடும்பத்தோடு ஃப்ளோரிடாவிலிருந்து கரீபியன் பக்கம் ஏழு நாள் போனோம். முந்தின ஆகஸ்டில் டிக்கெட் போட்டபோது, புறப்படுவதற்கு மூன்று நாளுக்குள் எடுத்த சோதனை போதும் என்றார்கள். செப்டம்பரில் சிடிசி, அதாவது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம், தடுப்பூசி போட்டவர்களுக்கு அதை இரண்டு நாளாகக் குறைத்துவிட்டது. ஒரு நாள்தானே என்று தோன்றும். ஆனால் சனிக்கிழமை கப்பல் என்றால் வியாழனுக்கு முன் எடுத்தது செல்லாது, வியாழன் அன்று பிசிஆர் கொடுத்தால் சனி காலைக்குள் முடிவு வரும் என்று லேபில் யாரும் உறுதி சொல்லவில்லை. கடைசியில் வீடியோவில் ஒருவர் மேற்பார்வை பார்க்க வீட்டிலேயே செய்கிற ஆன்டிஜென் கிட்தான் கைகொடுத்தது.

சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பை வைத்து அம்மாவை உட்கார வைத்தேன். திரையில் இருந்த பெண் பாஸ்போர்ட்டைக் காட்டச் சொன்னார், கேமரா முன்னாலேயே கவரைக் கிழிக்கச் சொன்னார், பதினைந்து நிமிடம் கிட் கேமராவை விட்டு நகரக் கூடாது என்றார். அம்மா அந்தப் பதினைந்து நிமிடமும் கிட்டைப் பார்க்கவே இல்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் மெதுவாகக் கேட்டார், "ரெண்டாவது கோடு வந்துட்டா எல்லார் பணமும் போயிடுமாடா?"

எழுபத்தோரு வயதில் நோய் வந்திருக்குமோ என்ற பயம் அவருக்குப் பின்னால் போய்விட்டது, பணம்தான் முன்னால் நின்றது. என்னிடமும் தெளிவான பதில் இல்லை. பாசிட்டிவ் ஆனவருக்கும் அவர் அறையில் இருப்பவருக்கும் பணம் திரும்ப வரும் என்று போட்டிருந்தார்கள், ஆனால் நாங்கள் எடுத்தது மூன்று அறைகள். நல்லவேளை, கோடு ஒன்றோடு நின்றது.

கப்பலில் இரவுச் சாப்பாட்டு மேஜையில் பக்கத்தில் உட்கார்ந்தவர் மூன்றாம் நாள் பழகியதும் சொன்னார். புதன்கிழமை சாதா கிட்டில் அவருக்கு லேசாகக் கோடு தெரிந்ததாம். வெள்ளிக்கிழமை இரவு வரை பொறுத்திருந்து மேற்பார்வைச் சோதனை செய்தாராம், நெகட்டிவ். ஏறிவிட்டார். எனக்கு உடம்பெல்லாம் பதறியது, எதிரில் அம்மா உட்கார்ந்திருக்கிறார். ஆனால் யோசித்துப் பார்த்தால், பேரக் குழந்தைகள் உட்பட அத்தனை பேருக்கும் அவர்தான் பணம் கட்டியிருந்தார். நல்ல மனிதர்தான். அவரை உண்மையை மறைக்க வைத்தது அந்த டிக்கெட் ஒப்பந்தம்.

விதிகளே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2020 பிப்ரவரியில் ஜப்பானின் யோகோஹாமாவில் நிறுத்தி வைத்த டைமண்ட் பிரின்சஸ் கப்பலில் 3,711 பேரில் 712 பேருக்குத் தொற்று வந்தது. அடுத்த மாதம் சிட்னியில் ரூபி பிரின்சஸ் கப்பலிலிருந்து பயணிகளை அப்படியே இறக்கிவிட்டு, தொற்று பரவி ஆஸ்திரேலியா பட்ட பாடு ஊருக்கே தெரியும். அந்த நேரத்தில் கப்பல்களை நிறுத்தியது சரி, பிறகு சோதனையோடு அனுமதித்ததும் சரி. தடுப்பூசி வந்து நோயின் வீரியம் குறைந்தபோது விதி தளர்ந்ததையும் ஒப்புக்கொள்கிறேன். 2022 ஜூலை 18 அன்று சிடிசி தன் கப்பல் கோவிட் திட்டத்தை முடித்துக்கொண்டது, அடுத்தடுத்து நிறுவனங்களும் சோதனையைக் கைவிட்டன. அந்த வருட நவம்பரில் மஜெஸ்டிக் பிரின்சஸ் கப்பல் சுமார் 800 தொற்றாளர்களோடு சிட்னிக்குள் வந்தது. இதை வைத்துச் சோதனைதான் தீர்வு என்று வாதாட மாட்டேன், இன்று நெகட்டிவ் காட்டுகிற ஆன்டிஜென் கிட் நாளை மறுநாள் பாசிட்டிவ் காட்டலாம்.

எனக்குக் கோபம் எங்கே என்றால், சோதனை போனதோடு அதை ஒட்டியிருந்த பணப் பாதுகாப்பையும் பல நிறுவனங்கள் எடுத்துவிட்டன. இப்போது கேட்டால் "இன்சூரன்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள்" என்கிறார்கள். டாக்டர் சான்றிதழ், படிவம், மாதக்கணக்கில் காத்திருப்பு. ஏறுகிற அன்று காலையில் காய்ச்சலோடு நிற்கிறவர் அதையா நம்புவார்? ஒரு பாரசிட்டமால் போட்டுக்கொண்டு வரிசையில் நிற்பார். பாதிக்கப்படுவது பயணிகள் மட்டுமா? ஒரே சிறிய அறையை இரண்டு பேர் பகிர்ந்துகொண்டு மாதக்கணக்கில் கடலிலேயே கிடக்கிற ஊழியர்களும்தான். அவர்களுக்கு ஏழாம் நாள் வீட்டுக்குப் போகிற வசதி கிடையாது.

கோவிடை விடுங்கள், வாந்தியும் வயிற்றுப்போக்கும் கொண்டுவருகிற நோரோவைரஸ் இருக்கிறது. மிகக் கொஞ்சம் கிருமி போதும், கைப்பிடி வழியாகவே பரவும், சானிடைசருக்கும் சரியாக அடங்காது. அதற்கு ஏறும்போது சோதனை எதுவும் கிடையாது, ஒரு படிவம்தான். சமீபத்தில் வாந்தி, வயிற்றுப்போக்கு, காய்ச்சல் இருந்ததா என்று கேட்கும். துறைமுகத்தில் எனக்கு முன்னால் நின்றவர்கள் படிக்காமலே வரிசையாக "இல்லை" என்று டிக் அடித்துக்கொண்டு போனார்கள், நானும் அந்த வேகத்தில்தான் அடித்தேன்.

அந்தப் படிவத்தில் கேள்விக்குக் கீழேயே பெரிய எழுத்தில் ஒரு வரி அச்சடிக்கட்டும்: "ஆம் என்று சொன்னால் உங்களுக்கும் உங்களோடு வந்தவர்களுக்கும் முழுப் பணமும் திரும்பத் தரப்படும், அல்லது வேறு தேதியில் இதே பயணம்." டிக்கெட் போடுகிற அன்றே அதை எழுத்தில் கொடுக்கட்டும். அப்புறம் சோதனை விதியை அவர்கள் விருப்பப்படி மாற்றிக்கொள்ளட்டும்.