பை அதே பை, தீவனம் மட்டும் குறைவு

பூனைத் தீவனப் பையின் எடையை மறுபடியும் குறைத்துவிட்டார்கள். விலையில் மாற்றமில்லை, பையின் உயரம் அகலம் எல்லாம் அப்படியே. புதிய எடை மட்டும் அடிமடிப்புக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் ஒளிந்திருக்கிறது. முகப்பில் கொட்டை எழுத்தில் 'மேம்படுத்தப்பட்ட தயாரிப்பு'. எதை மேம்படுத்தினீர்கள், உங்கள் லாபத்தையா?

பழைய காலிப் பையையும் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனேன். இரண்டையும் மேசையில் அருகருகே வைத்தேன். கடைக்காரர் பழையதைத் திருப்பினார், புதியதைத் திருப்பினார். "இரண்டும் ஒன்றுதானே மேடம்" என்றார். எடையைத் தொட்டுக் காட்டினேன். மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தார். "கம்பெனியில் மாற்றியிருப்பார்கள்." அதைத்தானே ஐயா நான் சுமந்து வந்து காட்டுகிறேன்! அப்புறம் விலையைப் பார்த்தார். "விலை ஏறவில்லையே, சந்தோஷப்படுங்கள்" என்றார். எனக்குத்தான் ஏறியது, உச்சந்தலை வரைக்கும். பின்னால் நின்றவர் வேறு, சின்னப் பையாக வாங்கச் சொல்கிறார். கிலோ கணக்குப் போட்டால் அது இன்னும் கொள்ளை.

வீட்டு மிச்சத்தைப் போடு என்பவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன்: பூனை இறைச்சி உண்ணி. டாரின் என்ற சத்து போதாவிட்டால் அதன் கண்ணும் இதயமும் கெட்டுப்போகும். வேறு தீவனத்துக்குச் சட்டென்று தாவவும் முடியாது. ஒரு வாரம், பத்து நாள் பழையதோடு கலந்து பழக்க வேண்டும், இல்லாவிட்டால் வயிற்றுப்போக்கு. பிடிக்காமல் சில நாள் பட்டினி கிடந்தால் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கே ஆபத்து. நம்மால் நிறுத்த முடியாது என்று நன்றாகத் தெரிந்துதான் நம் மடியில் கை வைக்கிறார்கள்.

இதில் என் வீட்டுப் பூனைக் கூட்டத்தில் சிறுநீர் அடைப்பு வந்த ஆண் பூனைக்குத் தனித் தீவனம். விலை உயர்ந்த அதைத்தான் மற்றவை எல்லாம் மொய்க்கும், கதவைச் சாத்திக்கொண்டு காவல் இருக்க வேண்டும். குடற்புழு மருந்தா, ஒன்றுக்குக் கொடுத்துப் பயனில்லை, எல்லாவற்றுக்கும் வாங்க வேண்டும். ஏன் இத்தனை பூனை என்று கேட்பவர்கள் வாருங்கள், எதைத் தெருவில் விடுவது என்று நீங்களே கை காட்டுங்கள்!

இன்னொன்று. பையின் வாயில் ஒரு ஜிப் வைக்கிறார்களே, அது எந்த மகானுபாவரின் வேலை? இந்தப் பக்கம் அழுத்தினால் அந்தப் பக்கம் திறந்துகொள்கிறது. காற்றுப் புகுந்து தீவனத்தில் எண்ணெய்ச் சிக்கு வாடை. முகர்ந்து பார்த்துவிட்டு ஒவ்வொன்றாக எழுந்து போகின்றன. எடையைக் குறைக்கத் தெரிந்தவர்களுக்கு ஒரு ஜிப் வைக்கத் தெரியாதா?