ஆர்மோனியம் எங்கே?

சனிக்கிழமை நடந்த 'வள்ளி திருமணம்' நாடகத்தைப் பற்றி ஆளாளுக்கு எழுதிவிட்டீர்கள். விளக்கு அமைப்பு அருமை, உடைகள் அருமை, இரண்டு மணி நேரத்தில் முடித்தது அதைவிட அருமை. எல்லாம் சரி. மேடையில் ஆர்மோனியம் இல்லையே, அதை ஏன் ஒருவர்கூட எழுதவில்லை?

முன்பே பதிவு செய்த இசைக்கு நடித்தார்கள். நான் மூன்றாவது வரிசையில் இருந்தேன். 'காயாத கானகத்தே' பாடியவர் ஓரிடத்தில் குரலை மேலே கொண்டுபோய் நிறுத்தினார். கூட்டம் கைதட்டியது. இன்னொரு தரம் போகலாம் என்று அவர் வாயெடுப்பதற்குள் இசை அடுத்த வரிக்குப் போய்விட்டது. முகம் வாடி, அவசரமாக ஓடிப் பிடித்துக்கொண்டார். அந்தக் கால நாடக நடிகர் கிட்டப்பா பாடிப் பேர் வாங்கிய பாட்டு அது. 1933-இல், 27 வயதில் போய்விட்ட மனுஷனை இன்னும் பேசுகிறோமே, அவர் நின்ற இடத்தில் நின்று வாசிக்க அன்றைக்கு மேடையில் ஆள் இருந்தது.

திருவிழாக்களில் விடிய விடிய நடக்கும் இந்த மாதிரி நாடகத்துக்கு ஸ்பெஷல் நாடகம் என்று பேர். அதில் ஒத்திகை கிடையாது. கதாநாயகனாக வரும் ராஜபார்ட் ஒரு ஊர், நாயகியாக வரும் ஸ்திரீபார்ட் ஒரு ஊர், நாரதர் வேறு ஊர். இரவு பத்து மணிக்கு மேடையில்தான் சேருவார்கள். ஒருவருக்குச் சுருதி ஐந்து கட்டை, இன்னொருவருக்கு மூன்று. மேடையிலேயே வாதாடும் தர்க்கத்தில் வள்ளி என்ன கேட்பாள், எதிராளி என்ன பதில் சொல்வார் என்பது அன்றைக்குத்தான் தெரியும். இத்தனையையும் சேர்த்துப் பிடிப்பது ஆர்மோனியக்காரர். அவரை எடுத்துவிட்டு அதே நாடகம் என்று சொல்லாதீர்கள்.

என் பெரியப்பா ஆர்மோனியக்காரர். சின்ன வயதில் அவர் பக்கத்தில் பாய் போட்டு உட்கார்ந்து விடிய விடியப் பார்த்திருக்கிறேன். வாசிக்கும்போது பெட்டியைப் பார்க்கவே மாட்டார். கண் முழுக்கப் பாடுகிறவர் தொண்டையில் இருக்கும். ஒரு மாசித் திருவிழாவில் வள்ளிக்குத் தொண்டை கட்டியிருந்தது. பாட்டுக்கு முன்னால் தாளமில்லாமல் பாடும் தொகையறாவில், முதலாவதிலேயே கண்டுபிடித்து ஒரு கட்டை இறக்கினார். மேலே போகிற இடங்களைப் பின்பாட்டில் தானே பாடித் தாங்கினார். கூட்டத்தில் யாருக்கும் தெரியவில்லை. விடிந்ததும் அந்த அம்மா வந்து பெட்டியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

"இந்தக் காலத்தில் விடிய விடிய யார் உட்காருவார்கள்?" என்று கேட்பீர்கள். நியாயம்தான். சுருக்குங்கள். பபூன் காமிக்கைக் குறையுங்கள். தர்க்கத்தைக்கூட, எனக்கு மனசு வரவில்லை, குறைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஆர்மோனியத்தை எடுக்காதீர்கள். "பணம் இல்லை" என்கிறார்கள். பின்னால் அவ்வளவு பெரிய எல்இடி திரை நின்றதே, அதற்குப் பணம் இருந்ததல்லவா? "ஒலி சுத்தமாக இருக்க வேண்டும்" என்று ஒருவர் எழுதியிருந்தார். அதற்கு என்னிடம் பதில் இல்லை, கோபம்தான் இருக்கிறது.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். தொடங்கும்முன் மைக்கில் சொன்னார்களே, "அழிந்துபோன கலையை மீட்டெடுத்திருக்கிறோம்" என்று. அதைத்தான் தாங்க முடியவில்லை. யார் அழிந்துபோனது? இந்த நாடகத்தை எழுதிய சங்கரதாஸ் சுவாமிகள் 1922-இல் காலமானார். நூறு வருஷம் தாண்டியும் மதுரை, புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கம் பங்குனி சித்திரையில் கோயில் திடலுக்குப் போய்ப் பாருங்கள். வள்ளி தினைப்புனம் காத்துக்கொண்டுதான் இருக்கிறாள். பஸ் பிடித்து வந்து, பாடிவிட்டு, விடிந்ததும் பஸ் பிடித்து வீட்டுக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். உங்கள் கண்ணில் படவில்லை என்பதற்காக அவர்களைச் செத்தவர்கள் கணக்கில் எழுதுவீர்களா? என் பெரியப்பா கடைசிவரை வாசித்தவர். எனக்கு வலிக்கிறது.

"குறை சொல்வது சுலபம், ஒரு நாடகம் போட்டுப் பார்" என்று யாராவது வருவீர்கள். நடித்தவர்களை நான் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. வள்ளியாக வந்தவர் திருவிழா மேடைகளில் பாடுகிறவர்தான். முடிந்ததும் போய்ப் பார்த்தேன். பவுடரைத் துடைத்துக்கொண்டே, "கடைசி அடி கேட்டுச்சாண்ணே?" என்றார். கேட்கவில்லை. மூச்சு வாங்கிய இடத்தில் இசை முந்திப் போய்விட்டது. கேட்டது என்றுதான் சொன்னேன். அவருக்குத் தெரிந்துவிட்டது.

"ஊர்ல பெட்டிக்கார அண்ணன் முகத்தைப் பாத்துக்கிட்டே பாடுவேன். இங்க எங்கிட்டுப் பாக்குறதுன்னே தெரியலண்ணே" என்றார்.