மொதல்ல தேதியைச் சொல்லுங்கய்யா!

புது சீசன் வருதுன்னா ஒரு கால்பந்து ரசிகனுக்கு என்ன கவலை இருக்கணும்? ஒன்பதாம் நம்பர் சட்டை யாருக்கு, லெஃப்ட் பேக் இடத்துக்கு ஆள் எடுத்தாச்சா, கோல்கீப்பர் மாறுவாரா, இவ்வளவுதானே? நம்ம ஊர் கிளப் சென்னையின் எஃப்சியோட ரசிகனுக்கு அந்தக் கவலையெல்லாம் ஆடம்பரமாயிடுச்சு. இந்தியன் சூப்பர் லீக் எந்த மாசம் ஆரம்பிக்கும், மொத்தம் எத்தனை ஆட்டம், சொந்த மைதானமான நேரு ஸ்டேடியத்துல எத்தனைன்னு தெரிஞ்சுக்கவே தவம் கிடக்க வேண்டியிருக்கு.

போன தடவை பட்டது போதாதா? இந்த லீக்குக்கு அடிப்படையா அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு 2010ல போட்ட 15 வருஷ வணிக ஒப்பந்தம் 2025 டிசம்பர் 8ஆம் தேதி முடியவேண்டியது. இது திடீர்னு வந்த புயல் இல்ல, கையெழுத்து போட்ட அன்னிக்கே காகிதத்துல இருந்த தேதி. அப்படியிருந்தும் அதைப் புதுப்பிக்காம இழுத்து, 2025 ஜூலைல "சீசன் நிறுத்திவைப்பு"ன்னாங்க. கடைசில முதல் ஆட்டம் 2026 பிப்ரவரி 14. 14 அணி, மொத்தமே 91 ஆட்டம், ஆளுக்கு 13. 2024-25ல லீக் கட்டத்துல மட்டுமே ஒரு அணி 24 ஆட்டம் ஆடுச்சு. லீக், கோப்பை எல்லாம் சேர்த்து ஒரு கிளப் வருஷத்துக்கு 24 ஆட்டமாவது ஆடணும்னு ஆசியக் கூட்டமைப்பு கேக்குது. நாம பாதியில நின்னோம்.

13 ஆட்டம்னா என்ன அர்த்தம்னு யோசிச்சாங்களா? 24 ஆட்ட லீக்ல முதல் நாலுல தோத்தாலும் கோச்சுக்கு ஃபார்மேஷனை மாத்திப் பார்க்க, ஜனவரில ஒரு ஆளைக் கொண்டுவர நேரம் இருக்கும். 13ல நாலு தோத்தா கதை முடிஞ்சது.

தேதி தள்ளிப்போனா மொதல்ல அடிவாங்குறது வெளிநாட்டு வீரர் தேர்வுதான். ஐரோப்பாவுல பெரும்பாலான ஒப்பந்தம் ஜூன் 30ல முடியும். நல்ல ஸ்ட்ரைக்கர், நல்ல சென்டர் பேக் எல்லாம் ஜூன், ஜூலைலயே எங்கயாவது கையெழுத்து போட்டுடுவாங்க. ஆரம்பத் தேதி தெரியாம எந்த ஏஜென்ட் பேசுவான்? எந்த மாசத்துலேருந்து சம்பளம்னு எழுதுறது? முகூர்த்தம் குறிக்காம கல்யாணப் பத்திரிகை அடிக்க முடியுமா? ஆகஸ்ட் தாண்டிப் போனா மிச்சம் மீதிதான் கிடைக்கும். அப்புறமும் விசா, பழைய சங்கத்துலேருந்து வரவேண்டிய மாறுதல் சான்றிதழ், மருத்துவப் பரிசோதனைன்னு வாரக்கணக்குல இழுக்கும். நம்ம கிளப்புக்கு வந்த வெளிநாட்டு ஸ்ட்ரைக்கர்களையே பாருங்க: 2015ல மெண்டோசா 13 கோல், 2019-20ல வால்ஸ்கிஸ் 15 கோல், ரெண்டு பேரும் அதிக கோலுக்கான கோல்டன் பூட் வாங்கினாங்க. அந்த ரெண்டு சீசன்லயும் நாம ஃபைனல்ல நின்னோம். களத்துல இறங்குற நாலு வெளிநாட்டு ஆளுங்கள்ல ரெண்டு பேர் சொதப்பினாலே அணி படுத்துடும். அந்தத் தேர்வைப் போய் அவசரத்துல பண்ண வெக்கிறாங்க.

அடுத்தது உடம்பு. ஒழுங்கான ப்ரீ-சீசனுக்கு, அதாவது சீசனுக்கு முந்தின பயிற்சிக்கு, ஆறு வாரம் வேணும். முதல் ரெண்டு வாரம் ஓட்டம், ஜிம். அடுத்த ரெண்டு வாரம் எதிரணியை நெருக்கிப் பந்தைப் பறிக்கிற பிரஸ்ஸிங், கார்னர், ஃப்ரீ கிக் மாதிரி செட் பீஸ். கடைசி ரெண்டுல நாலஞ்சு பயிற்சி ஆட்டம், 45 நிமிஷத்துல ஆரம்பிச்சு 90 வரைக்கும் ஏத்தணும். இதை மூணு வாரமா சுருக்கினா மொதல்ல போறது தொடையோட பின்தசை. சாதாரணக் கிழிசலுக்கே மூணு வாரம் வெளிய, அவசரமா இறக்கினா அதே இடத்துல மறுபடி கிழியும். சென்னைப் புழுக்கத்துல 70ஆவது நிமிஷத்துக்கு மேல நம்ம பசங்க கால் தளர்றதைப் பார்த்து "ஸ்பிரிட் இல்ல"ன்னு திட்டுறோம். தயாராக நேரமே குடுக்காதவங்களை யாரும் கேக்குறதில்ல.

புல்லுக்கும் இதே நிலைமைதான். சீசன் முடிஞ்சதும் தரையில ஓட்டை போட்டு, மணல் தூவி, காய்ஞ்ச இடத்துல புதுசா நட்டு, வேர் பிடிக்க ஆறு முதல் எட்டு வாரம் விடணும். எந்த மாசம் ஆட்டம்னு தெரிஞ்சாதானே வேலையைத் தொடங்க முடியும்? அக்டோபர்லேருந்து டிசம்பர் வரைக்கும் வடகிழக்கு மழை வேற. 2015 வெள்ளத்துல நம்ம அரையிறுதி முதல் ஆட்டத்தையே புனேக்கு மாத்தினாங்க. கொல்கத்தாவை 3-0னு அடிச்சோம், சந்தோஷம். ஆனா அந்த ராத்திரி பெரியமேட்டுல நடந்திருக்க வேண்டியது. மழைக் காலம் இந்த ஊருக்குப் புதுசா? அட்டவணை போடும்போதே நவம்பர் கடைசி, டிசம்பர் முதல் வாரத்துல வெளியூர் ஆட்டங்களை வெச்சா என்ன குறைஞ்சிடும்?

ரசிகனைப் பத்தியும் கொஞ்சம் நினைங்க. வேலை நாள்ல 7:30 மணி ஆட்டம்னா முடிய ஒன்பதரை ஆகும். கூட்டத்துல வெளிய வந்து சென்ட்ரல், பார்க் ஸ்டேஷன் வரைக்கும் நடந்து, ஆவடிக்கோ செங்கல்பட்டுக்கோ ரயில் பிடிக்கணும். தேதி முன்கூட்டியே தெரிஞ்சா ஷிஃப்டை மாத்திக்கலாம், குழந்தைங்களைக் கூட்டிட்டு வரலாம். கடைசி நேரத்துல அறிவிச்சுட்டு ஸ்டாண்டு காலியா இருக்குன்னு புலம்பக் கூடாது.

நம்பிக்கையே இல்லையான்னா, நிறைய இருக்கு. அதனாலதான் இவ்வளவு கோவம். வியாசர்பாடி மண்ணுலேருந்து தனபால் கணேஷ்னு ஒரு வீரர் வந்தார், இதே சென்னையிலேருந்து நந்தகுமார் வந்தார். நந்தா பேர் எடுத்தது மட்டும் ஒடிஷா, ஈஸ்ட் பெங்கால்னு வேற கிளப்கள்ல. அடுத்த நந்தாவாவது நம்ம கிளப்போட நீலச் சட்டையிலயே வளரணும். அதுக்கு அவனுக்கு ஆட்டம் வேணும். 13 ஆட்ட லீக்ல எந்தக் கோச் 19 வயசுப் பையனை இறக்கிச் சோதிப்பான்? தோல்விக்கு இடமே இல்லாதப்போ அனுபவசாலியைத்தான் போடுவான். பையன் பெஞ்சுல உக்காந்தே ஒரு வருஷத்தைத் தொலைப்பான்.

2018 மார்ச்ல பெங்களூருல போய் 3-2னு கோப்பையைத் தூக்கின அதே கிளப் அடுத்த சீசன்ல 9 புள்ளியோட கடைசி இடம். சின்னச் சறுக்கல் எங்க கொண்டுபோய் விடும்னு நமக்குத் தெரியும். ஜூன்ல அட்டவணை, ஜூலைல அணி, ஆகஸ்ட்ல டிக்கெட் விலை. உலகத்துல எல்லா லீக்கும் பண்றதைத்தான் கேக்குறோம். போடுங்க.