மரபைச் சட்டப் புத்தகத்தில் ஏற்றினால் பலப்படுமா?

பிரிட்டன் அரசியலமைப்பு என்று பேச்செடுத்தாலே "அங்கேதான் எழுதவே இல்லையே" என்று யாராவது ஆரம்பித்துவிடுகிறார்கள். நிறையவே எழுதியிருக்கிறார்கள். 1689 உரிமைச் சட்டம், 1701 அரச வாரிசுச் சட்டம், 1911, 1949 நாடாளுமன்றச் சட்டங்கள், 1998 மனித உரிமைச் சட்டம், அதே ஆண்டின் ஸ்காட்லாந்துச் சட்டம் என்று எல்லாம் அச்சில் கிடக்கிறது. ஒரே புத்தகமாகத் தொகுக்கவில்லை, அவ்வளவுதான். அதைவிட முக்கியமான குறை, இவற்றைத் திருத்தத் தனிப் பூட்டு கிடையாது. வாகன நிறுத்தக் கட்டணச் சட்டத்தை மாற்றும் அதே சாதாரணப் பெரும்பான்மை மனித உரிமைச் சட்டத்துக்கும் போதும். மேலவையான பிரபுக்கள் சபை முரண்டு பிடித்தால் சுமார் ஓராண்டு தள்ளிப்போகும்.

நீதிமன்றம் ஒரு சின்ன வேலி போட்டது. சண்டர்லாந்தில் வாழைப்பழத்தை மெட்ரிக் அளவில் விற்காமல் பவுண்டு எடையில் விற்ற வியாபாரி மீதான வழக்கில், 2002இல் வந்த தீர்ப்பு சில சட்டங்களை 'அரசியலமைப்புச் சட்டங்கள்' என்று தனியாக வகைப்படுத்தியது. பின்னால் வரும் சட்டம் இவற்றோடு முரண்பட்டால் மட்டும் போதாது, 'ரத்து செய்கிறோம்' என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் அதோடு முடிந்தது.

மிச்சத்தையெல்லாம் சுமப்பது மரபு, அதாவது சட்டத்தில் எழுதாமல் எல்லோரும் கடைப்பிடித்துவரும் வழக்கம். மசோதாவுக்கு மன்னர் ஒப்புதல் மறுத்தது கடைசியாக 1708இல். பிரதமர் மக்கள் சபை உறுப்பினராக இருக்க வேண்டும் என்பதும் மரபுதான். 1963இல் அலெக் டக்ளஸ்-ஹோம் பிரதமரானதும் பிரபுப் பட்டத்தைத் துறந்து இடைத்தேர்தலில் நின்றார். சுமார் இரண்டு வாரம் அவர் எந்தச் சபையிலும் இல்லாத பிரதமர்! சட்டப்படி அதில் தவறே இல்லை. ஆனால் பட்டத்தோடு பதவியில் தொடர்ந்திருந்தால் அரசியல்ரீதியாகத் தாக்குப்பிடித்திருக்க முடியாது.

"இதெல்லாம் நம்பிக்கையில் ஓடுகிற வண்டி, மரபுகளையும் சட்டமாக்கினால் சரியாகிவிடும்" என்பவர்களோடுதான் எனக்குச் சண்டை. இரண்டு முறை செய்து பார்த்தாயிற்று.

2011இல் கூட்டணி அரசு, நினைத்தபோது தேர்தல் அழைக்கும் பிரதமரின் கையைக் கட்ட நிலையான பதவிக்காலச் சட்டம் கொண்டுவந்தது. முன்கூட்டியே தேர்தல் வேண்டும் என்று தீர்மானம் போட்டால் மொத்த இடங்களில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 650இல் 434 வாக்கு தேவை. 2019 செப்டம்பரில் அப்போதைய பிரதமர் போரிஸ் ஜான்சன் கேட்டபோது ஆதரவாக 298, எதிராக 56. எதிர்ப்பு சொற்பம், தீர்மானம் தோல்வி. மேலும் இரண்டு முறை கேட்டுத் தோற்றார். பிறகு அந்தச் சட்டத்தைத் தொடாமலே, 'அது என்ன சொன்னாலும் டிசம்பர் 12 தேர்தல்' என்று ஒரு குட்டி மசோதா. அதற்குச் சாதாரணப் பெரும்பான்மையே போதும். கதவைப் பூட்டிச் சாவியைப் பூட்டிலேயே தொங்கவிட்ட கதை. 2022இல் சட்டத்தையே தூக்கிவிட்டார்கள்.

இரண்டாவது, ஸ்காட்லாந்து. அதன் நாடாளுமன்றத்துக்குக் கொடுத்த துறைகளில் அதன் சம்மதமின்றி லண்டன் 'வழக்கமாக' சட்டம் இயற்றாது என்ற மரபை 2016 சட்டத்தில் எழுதிவைத்தார்கள். 2017இல் உச்ச நீதிமன்றம், சட்டத்தில் ஏறினாலும் இது அரசியல் மரபே, நாங்கள் அமல்படுத்த முடியாது என்றுவிட்டது. மரபுகளுக்கு நீதிபதிகள் பெற்றோரும் அல்லர், காவலரும் அல்லர், பார்வையாளர்களே என்பது அந்தத் தீர்ப்பின் வாசகம். அடுத்த ஆண்டே ஐரோப்பிய ஒன்றிய விலகல் மசோதாவுக்கு ஸ்காட்லாந்து சம்மதம் மறுத்தது. மசோதா நிறைவேறியது. 'வழக்கமாக' என்ற ஒரு சொல்லே போதுமான சந்து.

வேடிக்கை என்னவென்றால், 2019இல் ஜான்சன் அரசு நாடாளுமன்றத்தைக் கூடவிடாமல் ஐந்து வாரம் முடக்கிய உத்தரவை அதே நீதிமன்றம் பதினொரு நீதிபதிகளும் ஒருமனதாகச் செல்லாதென்றது. இத்தனை நாள்தான் முடக்கலாம் என்று எந்தச் சட்டத்திலும் எழுதியிருக்கவில்லை. அரசு நாடாளுமன்றத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும் என்ற பொதுச்சட்டக் கோட்பாட்டை (தீர்ப்புகள் வழியே வளர்ந்த சட்டம்) எடுத்துக்கொண்டு, நியாயமான காரணம் உண்டா என்று கேட்டார்கள். அரசிடம் காரணம் இல்லை.

நியூசிலாந்திலும் இப்படித்தான். 1993 தேர்தல் சட்டத்தின் 268ஆம் பிரிவு, வாக்களிக்கும் வயது போன்ற சில விதிகளை மாற்ற 75 சதவீத உறுப்பினர்களோ பொதுவாக்கெடுப்போ வேண்டும் என்கிறது. ஆனால் அந்த 268ஐ ரத்து செய்யச் சாதாரணப் பெரும்பான்மை போதும். பூட்டுக்குப் பூட்டு இல்லை, மரபுதான் காவல். 2022 நவம்பரில், தண்ணீர் சேவைகளைத் தனியாருக்கு விடக்கூடாது என்ற கொள்கைக்கு 60 சதவீதப் பூட்டு ஒன்றை மசோதாவில் நுழைத்தார்கள். நோக்கத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் தேர்தல் விதிகளுக்கென்று வைத்திருந்த பூட்டை ஒரு கட்சிக் கொள்கைக்கு மாட்டினால், நாளை வருகிறவர்கள் தங்கள் கொள்கைக்கும் மாட்டுவார்கள். சட்டப் பேராசிரியர்கள் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். யாரும் நீதிமன்றம் போகவில்லை. சில நாட்களில் அரசே அந்த விதியை எடுத்துவிட்டது.