கேனை வாய்வரை நிரப்பாதீர்கள்

ராமேஸ்வரத்திலிருந்து தனுஷ்கோடி அரிச்சல்முனைக்கு ஜீப்பில் போக, ‘தண்ணிக் கேனில் பெட்ரோலை வாய்வரை நிரப்பி ஜீப் பின்னால் மாட்டினால் போதும், ஆவி சேராது’ என்று தம்பி சொல்வது தப்பு. பெட்ரோல் சூட்டில் விரியும். 20 லிட்டருக்கு 20 டிகிரி ஏறினால் கிட்டத்தட்ட 400 மில்லி கூடும். இடம் விடாவிட்டால் மூடி வழியாகத்தான் கசியும். உரிமம் இல்லாமல் 30 லிட்டர் வரைதான் சட்டம் விடுகிறது, அதுவும் 25 லிட்டருக்கு மேற்படாத உலோகக் கேனில். நிரப்பும்போது கேனைத் தரையில் இறக்கி வையுங்கள், நிலைமின்சாரம் பொல்லாதது, அதன் பொறி பட்டால் பெட்ரோல் ஆவி தீப்பிடிக்கும்.

அப்புறம் நம்ம கடற்கரை உப்புக் காற்று. என் ஜீப்பில் கேன் ஸ்டாண்டு பெயிண்ட் பளபளவென்று இருந்தது. போல்ட்டைத் திருகினால் துருப்பொடியாகக் கையோடு வந்துவிட்டது. சரி, ராமேஸ்வரத்திலிருந்து அரிச்சல்முனை இருபது சொச்சம் கிலோமீட்டர், தார்ரோடு. அதற்கு எதற்குக் கேன்?